பசை கூட்டிய சாயம்: வீட்டில் கலப்பதும் காப்பதும்

முடிச்சுச் சாயத்தில் இரண்டு வழிகள் உண்டு. துணியைக் கட்டி, சாயத் தொட்டியில் முழுவதுமாக முக்கி எடுப்பது ஒன்று. மதுரைச் சுங்குடியின் பழைய புள்ளிகள் அப்படிப் பிறந்தவைதான். நூல் இறுகக் கட்டிய இடம் வெண்மையாக நிற்க, மற்ற இடமெல்லாம் ஒரே நிறம் ஏறும். கட்டிய துணியின் மேல் குப்பியிலிருந்து சாயத்தைப் பிழிந்து, ஒரே துணியில் நான்கைந்து நிறங்களை அடுத்தடுத்து வைப்பது இரண்டாவது வழி. வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியையே விரும்புகிறோம். பெரிய பாத்திரமும் அடுப்பும் தேவையில்லை, சாயமும் குறைவாகச் செலவாகிறது. ஆனால் தண்ணீராக இருக்கும் சாயம் வைத்த இடத்தில் நிற்பதில்லை. பருத்தி இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய வழிகளில் அது ஓடிப் பரவுகிறது. மஞ்சளுக்கு அருகில் ஊதாவை வைத்தால், மறுநாள் கட்டவிழ்க்கும்போது எல்லை முழுவதும் பழுப்பாகக் கலங்கியிருக்கிறது. இதைத் தடுக்கத்தான் சாயத்தில் பசை கூட்டுகிறோம். எந்தப் பசை, எவ்வளவு, எதில் எதைக் கலந்து எத்தனை நாள் வைக்கலாம் என்பதைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

வீட்டு வேலைக்கு நான் பயன்படுத்துவது குளிர்ந்த நீரிலேயே வேலை செய்யும் ரியாக்டிவ் சாயங்கள். புரோசியன் எம்எக்ஸ் என்று உலகெங்கும் அறியப்படும் இவ்வகை, நம் ஊர்ச் சாயக் கடைகளில் 'கோல்ட் (குளிர்) பிராண்ட்' அல்லது 'எம்' வகை என்று கேட்டால் கிடைக்கும். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் ராட்டீ, ஸ்டீபன் என்னும் இரு வேதியியலாளர்கள் 1954-இல் கண்டறிந்த வழியில் உருவாகி, 1956-இல் விற்பனைக்கு வந்த சாயங்கள் இவை. அதற்கு முன்பிருந்த நேரடிச் சாயங்கள் பருத்தி இழையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இவையோ இழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடுகின்றன. சாய மூலக்கூறின் ஓரத்தில் வினைபுரியக் காத்திருக்கும் குளோரின் அணுக்கள் இருக்கின்றன. சலவைச் சோடாவின் காரம் கிடைத்ததும், பருத்தியின் செல்லுலோசில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி அந்தக் குளோரினை வெளியேற்றிவிட்டுச் சாயத்தைப் பற்றிக்கொள்கிறது. அதே வேலையைத் தண்ணீரும் செய்யும் என்பதுதான் நாம் மறக்கக் கூடாத செய்தி. தண்ணீர் பற்றிக்கொண்ட சாயம் பார்ப்பதற்கு அதே நிறத்தில், அதே அழுத்தத்தில் இருக்கும். ஆனால் துணியோடு அது இனி ஒருபோதும் சேராது. கலப்பதிலும் காப்பதிலும் நான் சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலிருந்து வருபவை.

பசை கூட்டுவது என்றதும் நம் வீட்டு நினைவுகள் மைதாப் பசைக்கும் ஜவ்வரிசிக் கஞ்சிக்கும் போகின்றன. இரண்டுமே இந்தச் சாயத்துக்கு ஆகாதவை. செல்லுலோசைப் போலவே மாவுப் பொருளும் குளுக்கோசால் ஆனது. சாயம் தேடும் ஹைட்ராக்சில் தொகுதிகள் அதிலும் நிறைந்திருக்கின்றன. எனவே சாயத்துக்குத் துணி எது, கஞ்சி எது என்ற வேறுபாடு தெரியாது. சாயத்தின் ஒரு பகுதி மாவோடு பிணைந்து கழுவலில் போய்விடும். மற்றொரு பகுதி மாவையும் துணியையும் சேர்த்துக் கட்டிவிடுவதால் துணி எத்தனை முறை துவைத்தாலும் விறைப்பாகவே நிற்கும். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கோந்துக்கும் ஏறக்குறைய இதே குறை உண்டு.

சோடியம் ஆல்ஜினேட் இந்த இடத்தில்தான் தனித்து நிற்கிறது. பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் இந்தப் பொருளின் சங்கிலியில், சாயம் விரைவாகப் பற்றும் முதன்மை ஹைட்ராக்சில் தொகுதிகள் இல்லை. அவற்றின் இடத்தில் கார்பாக்சிலேட் தொகுதிகள் எதிர்மின்சுமையோடு அமர்ந்திருக்கின்றன. சாய மூலக்கூறுகளும் எதிர்மின்சுமை கொண்டவையாதலால், ஆல்ஜினேட் அவற்றைத் தன்னிடமிருந்து தள்ளியே வைக்கிறது. சாயத்தைச் சுமந்து சென்று துணியில் இறக்கிவிட்டு, தான் தண்ணீரோடு வெளியேறிவிடுகிறது. நம்முடைய மன்னார் வளைகுடாவில் விளையும் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் ஆல்ஜினேட் தரும் பாசிகள்தாம். ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்துவரும் பாசி, ஆலையில் பதப்பட்டு, வெளிர்மஞ்சள் பொடியாக நம் மேசைக்கு வந்து சேரும் இந்தத் தொடர்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. மளிகைக் கடைகளில் கடற்பாசி என்று விற்கும், இனிப்புச் செய்யும் அகர் இதற்கு மாற்றாகாது. அது வேறு பாசிகளிலிருந்து வருவது, சூடாக்கினால்தான் கரையும், ஆறியதும் கட்டியாக உறைந்துவிடும்.

ஆல்ஜினேட்டுக்கு ஒரு பகைவன் உண்டு: கால்சியம். சோடியத்தோடு இருக்கும்வரை தண்ணீரில் வழுவழுப்பாகக் கரைந்து நிற்கும் ஆல்ஜினேட், கால்சியத்தைக் கண்டதும் அதனோடு சேர்ந்து கட்டியாகிவிடுகிறது. இரும்பு, செம்பு, அலுமினியம் ஆகியவற்றின் உப்புகளும் இதே போன்ற தொல்லையைத் தருபவை. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை எல்லோரும் அறிந்தது. அந்தத் தண்ணீரில் பசை கலந்தால் குருணை குருணையாகத் திரண்டு குப்பியின் மூக்கை அடைத்துவிடும். ஆகவே பசைக்கும் சாயத்துக்கும் சுத்திகரித்த கேன் தண்ணீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ எடுத்துக்கொள்வது நல்லது. அதன் மேலும் லிட்டருக்கு 5 கிராம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டை முதலில் கரைத்துவிடுகிறேன். எஞ்சியிருக்கும் கால்சியத்தை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆல்ஜினேட்டைப் போட்டுத் திரிந்தபின் இதைச் சேர்த்துப் பயன் காண்பது கடினம் என்பதால், வரிசை இங்கே முக்கியம். அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்த்து எவர்சில்வர், கண்ணாடி, பிளாஸ்டிக் ஆகியவற்றையே பயன்படுத்துங்கள். சாய வேலைக்கு எடுத்த எதுவும் மீண்டும் சமையலுக்குப் போகக் கூடாது.

அடுத்தது யூரியா. சாயம் இழையோடு வினைபுரிவது ஈரத்தில் மட்டுமே. துணி உலர்ந்த நொடியில் வேலை நின்றுவிடும். யூரியா காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் துணியை ஈரமாக வைத்திருக்கிறது, அடர்த்தியான சாயம் கரையவும் துணைசெய்கிறது. லிட்டருக்கு 100 கிராம் என்பது என் வழக்கம். கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றே நனைந்திருக்கும்போது இதைப் பாதியாகக் குறைத்துவிடலாம்; அப்போது யூரியா மிகுந்தால் எல்லை கசியத் தொடங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவைப் பக்கத்தில் ஆனி, ஆடியில் முழு அளவும் தேவைப்படும். உரக் கடை யூரியாவை வாங்க வேண்டாம். 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் வேளாண் யூரியா ஏறக்குறைய முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. எண்ணெய் கலந்த சாயம் துணியில் திட்டுத்திட்டாக விழும். அது உழவர்களுக்காக மானியம் கொடுத்து விற்கப்படும் பொருள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். வேதிப்பொருள் கடைகளில் எண்ணெய் பூசாத யூரியா தனியாகக் கிடைக்கிறது. யூரியா கரையும்போது தண்ணீரின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் பாத்திரம் சில்லென்று ஆகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் தொடங்கினால் இது சரியாகிவிடும். ஆனால் கொதிக்கும் தண்ணீர் கூடாது. சூட்டில் யூரியா சிதைந்து அம்மோனியா வெளிப்படும், அந்த அம்மோனியாவின் காரம் பின்னால் சாயத்தைக் குப்பிக்குள்ளேயே கெடுக்கும்.

இனிப் பசை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டைக் கரைத்து வைத்துக்கொண்டு, 20 கிராம் ஆல்ஜினேட் பொடியை அந்த 100 கிராம் யூரியாவில் பாதியோடு உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்துவிடுகிறேன். ஆல்ஜினேட்டைத் தனியாகத் தண்ணீரில் கொட்டினால், வெளிப்புறம் உடனே நனைந்து வழுக்குத் தோலாகி, உள்ளே பொடி உலர்ந்தபடியே சிக்கிக்கொள்ளும்; அந்தக் கட்டிகளை எவ்வளவு கடைந்தாலும் உடைக்க முடியாது. யூரியாத் துகள்கள் நடுவில் நின்று பொடியைப் பிரித்து வைப்பதால் ஒவ்வொரு துகளும் தனித்தனியே நனைகிறது. தண்ணீரை மத்தாலோ இதற்கென ஒதுக்கிய கைக் கலவைக் கருவியாலோ சுழலவிட்டு, அந்தச் சுழிக்குள் பொடியை மெல்லத் தூவ வேண்டும். மீதி யூரியாவையும் சேர்த்து ஐந்து நிமிடம் கலக்கிவிட்டு மூடி வைத்துவிடலாம். அப்போது அது நீர்த்துத் தெரிந்தாலும் மேலும் பொடியைச் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஆல்ஜினேட் முழுமையாக ஊற ஓர் இரவு ஆகும். காலையில் குமிழ்கள் எல்லாம் மேலேறி மறைந்து, பசை தெளிந்து, கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதத்தில் இருக்கும். நான் சொல்லும் அளவு அதிகப் பிசுபிசுப்புள்ள ஆல்ஜினேட்டுக்கு உரியது. குறைந்த பிசுபிசுப்புள்ள வகையும் உண்டு; அது வாங்கினால் இதே பதத்துக்கு இரண்டு, மூன்று மடங்கு பொடி தேவைப்படலாம் என்பதால், வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இந்தத் தாய்ப் பசையில் சாயம் கிடையாது, சோடாவும் கிடையாது. இதை இப்படியே வைத்திருப்பதுதான் காப்பதில் முதல் படி. சுத்தமான கண்ணாடிப் புட்டியில் மூடி, குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரங்கள் நன்றாக இருக்கும். வெளியில் வைத்தால் நம் ஊர் வெப்பத்தில் நுண்ணுயிர்கள் அதை விரைவில் தின்னத் தொடங்கிவிடும். கெட்ட பசையை அடையாளம் காண்பது எளிது: புளித்த நாற்றம் வரும், அல்லது நாற்றத்துக்கும் முன்பே பதம் தளர்ந்து தண்ணீராகியிருக்கும். அதில் புதுப் பொடியைக் கலந்து சரிசெய்ய முயலாமல் கொட்டிவிடுங்கள். பசை கெடாமல் இருக்கட்டும் என்று வினிகரோ எலுமிச்சை உப்போ சேர்ப்பதும் கூடாது. அமிலம் மிகுந்தால் ஆல்ஜினேட் கரைசலிலிருந்து திரிந்து பிரிந்துவிடும்.

சாயம் கலக்கும் நேரத்தில் முகக்கவசம் கட்டாயம். ரியாக்டிவ் சாயப் பொடியின் தூசு மூச்சுப்பாதையில் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. ஒருமுறை உடல் அதை எதிர்க்கப் பழகிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைத் தூண்டும். மின்விசிறியை நிறுத்தி, மேசையில் நனைத்த செய்தித்தாளை விரித்து, கையுறையோடு பொடியை எடுங்கள். குழந்தைகள் அருகில் இருக்க வேண்டாம். பொடி தண்ணீரில் கரைந்தபின் இந்த அச்சம் பெருமளவு நீங்கிவிடுகிறது.

250 மில்லி லிட்டர் குப்பிக்கு, நடுத்தர நிறத்துக்கு 5 கிராமும் அழுத்தமான நிறத்துக்கு 10 கிராமும் பொடி எடுக்கிறேன்; கறுப்புக்கும் பச்சைநீலத்துக்கும் இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கும். பொடியை முதலில் ஓரிரு தேக்கரண்டித் தண்ணீரில் குழைத்துக் கட்டியில்லாமல் தேய்த்து, பிறகு யூரியா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி 175 மில்லி லிட்டர் ஆக்க வேண்டும். அடர் இளஞ்சிவப்பு போன்ற சில நிறங்கள் எளிதில் கரையாமல் நுண்துகள்களாக மிதக்கும். அந்தத் துகள் ஒவ்வொன்றும் துணியில் ஒரு புள்ளியாக விழும் என்பதால், பழைய நைலான் காலுறை வழியாக வடிகட்டிவிடுவது நல்லது. பசை கூட்டியபின் வடிகட்டுவது பெரும்பாடு. இப்போதே செய்துவிட வேண்டும். இதில் 75 மில்லி லிட்டர் தாய்ப் பசையைச் சேர்த்துக் கலக்கினால் குப்பி தயார்.

இந்த அளவில் சாயம் வடிகஞ்சியின் பதத்தில் இருக்கும், எல்லோருக்கும் எல்லாத் துணிக்கும் இதுவே சரி என்று நான் சொல்லமாட்டேன். மெல்லிய மஸ்லின் துப்பட்டாவில் கோடு கோடாக மடித்துக் கட்டியிருந்தால், பசையை இரட்டிப்பாக்கினால்தான் கோடுகள் கூர்மையாக நிற்கும். தடித்த பனியன் துணியைச் சுருளாக முறுக்கியிருந்தாலோ பசையைக் குறைக்க வேண்டும். பத்து மடிப்புக்குக் கீழே இருக்கும் வெண்மையை எட்டிப்பிடிக்கக் கெட்டியான சாயத்தால் முடியாது, மேலே மட்டும் பூசினாற்போல நின்றுவிடும். சோடாத் தண்ணீரில் ஊறவைத்த துணியை எவ்வளவு இறுகப் பிழிந்திருக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். ஈரம் மிகுந்த துணி தன் பங்குக்குச் சாயத்தை நீர்க்கச் செய்கிறது. நிறம் ஊடுருவுவதும் எல்லை நிற்பதும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. அந்த இழுபறியில் எந்தப் பக்கம் சாய்வது என்பதை அன்றைய மடிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எனக்கு எல்லையைவிட ஆழம்தான் முக்கியம். ஆகவே பெரும்பாலும் பசையைக் குறைத்தே வைக்கிறேன்.

சலவைச் சோடா துணிக்குப் போகட்டும், குப்பிக்குள் போக வேண்டாம். லிட்டருக்கு 50 கிராம் நீரற்ற சோடா கரைத்த தண்ணீரில் துணியைக் கால் மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, பிறகு கட்டுங்கள். கடையில் படிகமாக விற்கும் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் நீரே இருப்பதால், அதற்கு ஏறக்குறைய 130 கிராம் தேவை. ஆப்ப சோடா இதற்கு உதவாது. அதன் காரம் போதாது. சோடாவைச் சாயத்திலேயே கலந்துவிட்டால் உலர்ந்த துணியில் நேரடியாகப் பிழியலாம் என்பது உண்மைதான், ஆனால் அந்த நொடியிலிருந்து சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகத் தொடங்கும். நம் வெயிலில் சில மணி நேரத்துக்குள் பெரும்பகுதி வலு போய்விடும். அப்படிக் கலந்த சாயத்தைக் குளிர்பெட்டியில் வைத்தும் காப்பாற்ற இயலாது.

சோடா படாத பசைச் சாயம் எத்தனை நாள் தாங்கும்? முப்பது பாகை செல்சியசைத் தாண்டும் அறையில் ஒரு வாரத்தையே எல்லையாகக் கொள்கிறேன், அதற்குள்ளும் துணியில் ஏறும் நிறம் மெல்ல வெளிறத் தொடங்கும். குளிர்பெட்டியில் மூன்று நான்கு வாரம் நம்பலாம். எல்லா நிறங்களும் ஒரே வேகத்தில் வலுவிழப்பதில்லை. பச்சைநீலம் எப்போதும் மெதுவானது. துணியில் பிடிக்க அதற்குக் கூடுதல் நேரமும் வெப்பமும் தேவைப்படுவதைப் போலவே, குப்பியிலும் நிதானமாகத்தான் கெடுகிறது. இதனால் கலவை நிறங்களைச் சேமித்து வைப்பதில் ஒரு சிக்கல் எழுகிறது. கறுப்பு, பழுப்பு, ஆலிவ் போன்றவை பல சாயங்களின் கூட்டு. அவற்றில் விரைவானது முதலில் வலுவிழக்க, நாள்பட்ட கறுப்பு ஊதாவாகவோ பச்சையாகவோ துணியில் தெரியும். தனி நிறங்களை மட்டுமே சேமித்து, கலவைகளை அன்றன்று செய்துகொள்வது இதற்கு நல்ல வழி.

சேமித்த குப்பி கெட்டுப்போக இன்னொரு காரணம் பலர் கண்ணில் படுவதில்லை. குப்பியை அழுத்திப் பிழிந்துவிட்டுக் கையைத் தளர்த்தும்போது அதன் மூக்கு சோடாவில் ஊறிய துணியைத் தொட்டுக்கொண்டிருந்தால், குப்பி உள்ளே இழுக்கும் காற்றோடு சோடாத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போய்விடுகிறது. வேலை முடிந்தபின் பாதிக் குப்பி மிஞ்சியிருக்கிறதே என்று அதைக் குளிர்பெட்டியில் வைத்தால், அடுத்த முறை நிறம் ஏன் நிற்கவில்லை என்று தெரியாமல் தவிக்க நேரும். தேவையான அளவை மட்டும் சிறு குப்பியில் ஊற்றிக்கொண்டு, தாய்க் குப்பியைத் துணியருகே கொண்டுபோகாமல் இருப்பதே பாதுகாப்பு. எல்லாவற்றையும் விட நன்று, சாயத்தைப் பொடியாகவே சேமிப்பது. ஈரம் புகாத மூடியுள்ள டப்பாவில், வெயில் படாத அலமாரியில் பொடி ஆண்டுக்கணக்கில் கெடாது. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்தே வைப்பதுதான் அதற்கு ஆபத்து.

குளிர்பெட்டியில் வைக்கும் குப்பிகளைத் தனியாக மூடிய பெட்டிக்குள் வைத்து, நிறம், பொடியின் அளவு, பசையின் அளவு, கலந்த தேதி ஆகியவற்றை மேலே எழுதி ஒட்டுங்கள். பழச்சாறு வந்த புட்டியில் சாயத்தை ஒருபோதும் ஊற்றி வைக்கக் கூடாது. வீட்டில் குழந்தை இல்லை என்றாலும் கூடாது. எடுத்தவுடன் பயன்படுத்தாமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். குளிரில் பசை இறுகியிருக்கும், அடர்ந்த சாயமும் யூரியாவும் அடியில் படிந்திருக்கும். நன்றாகக் குலுக்கினால் கரைந்துவிடும்.

பழைய குப்பி இன்னும் வலுவோடு இருக்கிறதா என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சோடாவில் நனைத்த பருத்தித் துண்டில் சில துளிகள் விட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடி ஒரு நாள் வைத்து, குளிர்ந்த நீரில் அலசியபின் சூடான சோப்புத் தண்ணீரில் துவைத்துப் பாருங்கள். மிஞ்சும் நிறம்தான் குப்பியின் உண்மையான வலு. துண்டு வெளிறிவிட்டால் அந்தக் குப்பியை நல்ல துணிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கழுவும்போதும் ஆல்ஜினேட்டின் இயல்பு நம்மை விடுவதில்லை. சாயமிட்ட துணியை ஒரு நாள் முழுவதும் உலராமல் மூடி வைத்தபின், கட்டவிழ்க்கும் முன்பே நிறையக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும்; பசையும் சோடாவும் முதலில் போகட்டும். இந்த அலசலுக்குக் கடின நீரைப் பயன்படுத்தினால், துணியிலேயே கால்சியம் ஆல்ஜினேட் படலமாகத் திரிந்து, பிணையாத சாயத்தையும் தன்னோடு இருத்திக்கொள்ளும். துணி விறைப்பாகி, பல துவையலுக்குப் பின்னும் சாயம் வெளியேறிக்கொண்டே இருக்கும். முதல் வாளியில் ஒரு தேக்கரண்டி ஹெக்சாமெட்டாபாஸ்பேட் சேர்த்துவிட்டால் பசை வழுக்கிக்கொண்டு வெளியேறிவிடும். அடுத்த அலசல்களில் படிப்படியாகச் சூட்டைக் கூட்டி, தண்ணீர் தெளியும்வரை தொடருங்கள்.

மிஞ்சிய சாயத்தை அப்படியே சாக்கடையில் ஊற்ற என் மனம் ஒப்புவதில்லை. நொய்யலில் சாயக் கழிவு கலந்ததன் விளைவாகத் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டதைக் கண்ட மாநிலம் நம்முடையது. வீட்டு அளவு சிறியதுதான். இருந்தாலும் எஞ்சியதையெல்லாம் ஒரு வாளியில் சேர்த்து, சோடாத் தண்ணீரில் ஊறிய பழைய வேட்டித் துண்டுகளையும் கைத்துண்டுகளையும் அதில் போட்டு ஒரு நாள் விட்டால், வலுவுள்ள சாயத்தில் ஒரு பகுதியாவது துணியில் ஏறிவிடும். அவை துடைக்கும் துணிகளாகவோ அடுத்த வேலைக்கு விரிக்கும் துணிகளாகவோ பயன்படும். வெளிறிய மீதித் தண்ணீரை நிறைய நீர் சேர்த்துக் கழிவுநீர்க் குழாயில் விடலாம். கிணற்றடியிலும் செடிகளுக்கும் ஊற்ற வேண்டாம், அதில் சோடாவும் உப்பும் இருக்கின்றன.